சோலார், எல்.இ.டி., மின்சார ஸ்கூட்டர்: மக்களை வாங்க வைப்பது எது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்காசி பக்கத்தில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் மூன்று கிலோவாட் சோலார் போட்ட நாளிலிருந்து கேள்விகள் ஓயவில்லை. எவ்வளவு ஆச்சு, மானியம் கைக்கு வந்துச்சா, கரண்ட் போனால் எரியுமா என்று தெருவில் பாதிப் பேர் கேட்டுவிட்டார்கள். பதில் சொல்லிச் சொல்லி, நானும் திருப்பிக் கேட்கத் தொடங்கினேன்: நீங்கள் ஏன் போட நினைக்கிறீர்கள், எது உங்களைத் தடுக்கிறது? அவர்கள் சொன்னதும், இதைப் பற்றி ஆராய்ந்தவர்கள் கண்டுபிடித்ததும், எனக்குத் தோன்றியதும் சேர்ந்ததுதான் இந்தப் பக்கம். சோலாரோடு நிற்காமல் விளக்கு, ஃபேன், ஸ்கூட்டர், மழைநீர்த் தொட்டி வரை போயிருக்கிறேன்.

மக்கள் இதையெல்லாம் சுற்றுச்சூழலுக்காக வாங்குகிறார்களா, காசுக்காகவா?

என்னிடம் விசாரித்தவர்களில் புவி வெப்பமாவதைப் பற்றி முதலில் பேச்சை எடுத்தவர் ஒருவர்கூட இல்லை. எல்லாரும் கரண்ட் பில்லில்தான் ஆரம்பித்தார்கள். அதற்காக அவர்களுக்கு அக்கறை இல்லை என்று சொல்லிவிட முடியாது. குளத்தில் குப்பை கொட்டினால் சண்டைக்குப் போகிறவர்கள்தான் அவர்கள். ஆனால் அக்கறை இருக்கிறது என்பதற்காக மட்டும் யாரும் ஒன்றரை லட்சத்தை எடுத்து வைப்பதில்லை. பில் உறுத்த ஆரம்பித்த பிறகு, நாலு பேருக்கும் நல்ல காரியம்தானே என்ற நினைப்பும் சேர்ந்துகொள்கிறது. வாங்கி முடித்த பிறகு அந்த நினைப்பு இன்னும் பெரிதாகிவிடுகிறது. எங்கள் அப்பா இப்போது விருந்தாளிகளிடம் நிலக்கரியைப் பற்றிப் பேசுகிறார். போடுவதற்கு முன் அந்த வார்த்தையே அவர் வாயில் வந்ததில்லை.

பில் எவ்வளவு வந்தால் சோலார் பற்றி யோசிக்கத் தொடங்குகிறார்கள்?

தமிழ்நாட்டில் இதற்கு ஒரு எண் உண்டு: 500 யூனிட். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ரீடிங். 2016 முதல் ஒவ்வொரு முறையும் முதல் 100 யூனிட் இலவசம். 2022 செப்டம்பரில் வந்த கட்டணத்தை எடுத்துக்கொள்வோம். 500 யூனிட் வரை ஓடிய வீட்டுக்கு 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 400 வரை 4.50, 500 வரை 6 ரூபாய். மொத்தம் 1,725. இதே வீடு 510 யூனிட் ஓட்டிவிட்டால் கணக்கே மாறிவிடும். 2.25 என்ற படி காணாமல் போய், 101-லிருந்தே 4.50 ஆகிவிடும், 500-க்கு மேல் யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 2,030. அதாவது கூடுதலாக ஓடிய பத்து யூனிட்டுக்கு 305 ரூபாய். 2024-ல் கட்டணம் கொஞ்சம் உயர்ந்தபோதும் இந்தப் படி அப்படியே இருந்தது.

ஏ.சி. வாங்கிய முதல் கோடையில் ஒரு வீடு இந்தப் படியில் இடறி விழும். என்னிடம் வந்தவர்களில் பெரும்பாலானோர் அந்தக் கோடைக்குப் பின் வந்தவர்கள்தான். சோலார் விற்கிறவர்களுக்கு நான் சொல்வது: பொதுவாக ‘மின்சாரத்தை மிச்சப்படுத்துங்கள்’ என்று பேசாமல், அந்த வீட்டின் போன கோடை பில்லைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

அப்படியானால் சோலார் எல்லா வீட்டுக்கும் லாபமா?

இல்லை. இதை ஒளிக்காமல் சொல்ல வேண்டும்.

ஒரு கிலோவாட் பேனல் நம் ஊர் வெயிலில் சராசரியாக நாளுக்கு நாலு யூனிட் தரும். எங்கள் பக்கம் குற்றாலச் சாரல் மாதங்களில் அது குறையும், பங்குனி சித்திரையில் கூடும். மூன்று கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட் என்று வையுங்கள். செலவு இரண்டு லட்சம் ரூபாய்க்கு முன்பின். மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு திட்டத்தில் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதுக்கு 18,000. ஆக 78,000 மானியம். அதற்கு மேல் எத்தனை கிலோவாட் போட்டாலும் மானியம் அவ்வளவுதான்.

இரண்டு மாதத்துக்கு 800 யூனிட் ஓட்டும் வீடு, மேலே சொன்ன 2022 கணக்கில் 4,550 ரூபாய் கட்டும். சோலார் போட்டால், பகலில் மிஞ்சி லைனுக்குப் போகும் யூனிட்டையும் பில்லில் கழித்துக்கொள்வதால், அது கிட்டத்தட்ட முழுதும் போய்விடும். வருடத்துக்கு 27,000 ரூபாய் மிச்சம் என்றால், கையிலிருந்து போட்ட 1,22,000 நாலரை வருடத்தில் திரும்பிவிடும்.

300 யூனிட் ஓட்டும் வீட்டுக்கு வருவோம். பில்லே 675 ரூபாய்தான். ஒரு கிலோவாட் மட்டும் போட்டால்கூட, மானியம் போக 45,000 ரூபாய் போல ஆகும். அது திரும்பி வரப் பதினோரு வருடம். அந்த வீட்டுக்காரர் வேண்டாம் என்றால் அவர் சரியாகத்தான் கணக்குப் போட்டிருக்கிறார். அவருக்குச் சுற்றுச்சூழல் விழிப்புணர்வு இல்லை என்று மேடையில் பேசுவது நியாயம் இல்லை. இலவச 100 யூனிட் ஏழை வீடுகளுக்குப் பெரிய நிம்மதி, அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் குறைவாக மின்சாரம் செலவழிக்கும் வீட்டுக்குச் சோலார் மேல் ஆசை வராததற்கு அதுவும் ஒரு காரணம்.

பக்கத்து வீட்டைப் பார்த்து வாங்குகிறார்கள் என்பது உண்மையா?

உண்மை. நாம் நினைப்பதைவிட அதிகமாகவே உண்மை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் போலிஞ்சர், கில்லிங்ஹாம் என்ற இருவர் வீட்டுக்கூரை சோலாரை வருடக்கணக்கில் கணக்கெடுத்து 2012-ல் வெளியிட்டார்கள். ஒரு அஞ்சல் எண் பகுதியில் ஒரு வீடு கூடுதலாக சோலார் போட்டால், அங்கே அடுத்த வீடு போடும் வாய்ப்பு 0.78 சதவீதப் புள்ளி கூடுகிறது. சின்ன எண்ணாகத் தெரியும். ஆனால் ஒவ்வொரு வீடும் அடுத்த வீட்டை இழுக்கிறது அல்லவா?

இன்னொரு ஆய்வு எனக்கு ரொம்பப் பிடித்தது. அதே கலிபோர்னியாவில் சான் மார்கோஸ் என்ற ஊரில் சியால்டினி முதலிய உளவியலாளர்கள் வீட்டுக் கதவுகளில் அட்டை மாட்டினார்கள். கோடையில் ஏ.சி.க்குப் பதில் ஃபேன் போடுங்கள் என்பது போன்ற செய்திகள்தான். சில வீடுகளுக்குப் பணம் மிச்சம் என்று காரணம் சொன்னார்கள், சில வீடுகளுக்குச் சுற்றுச்சூழல், சில வீடுகளுக்கு வருங்காலத் தலைமுறை. மீதிச் சில வீடுகளுக்கு, ‘உங்கள் ஊரில் பெரும்பாலானோர் ஏற்கெனவே இப்படித்தான் செய்கிறார்கள்’ என்று மட்டும். அப்புறம் மீட்டரைப் போய்ப் பார்த்தால், கடைசி அட்டை வாங்கிய வீடுகளில்தான் மின்சாரம் அதிகம் குறைந்திருந்தது. இத்தனைக்கும் அந்த மக்கள், அந்த அட்டைதான் தங்களைக் குறைவாகத் தூண்டியது என்று சொன்னார்கள். இது 2008-ல் வெளிவந்தது.

அதனால் ‘ஏன் வாங்கினீர்கள்’ என்று நேரடியாகக் கேட்டு வாங்கிய பதிலை அப்படியே நம்பிவிடக் கூடாது. எங்கள் தெருவில் இரண்டாவதாகச் சோலார் போட்ட மாமாவும் ‘நான் ரொம்ப நாளாகவே நினைச்சிருந்தேன்’ என்றுதான் சொல்வார். போடுவதற்கு முன் ஒரு மாதம், தினமும் சாயங்காலம் வந்து எங்கள் மீட்டர் பெட்டியைத் திறந்து, பொத்தானை அழுத்தி, உள்ளே வந்த யூனிட் எவ்வளவு, வெளியே போன யூனிட் எவ்வளவு என்று ஒரு பழைய டைரியில் குறித்துக்கொண்டு போனார். எந்த விளம்பரமும் செய்யாததை அந்த மீட்டர் செய்தது.

சோலார் போட்டால் கரண்ட் கட் ஆகும்போது எரியுமா?

சாதாரணமாக எல்லா வீட்டிலும் போடுவது இ.பி. லைனோடு சேர்ந்து ஓடும் வகை. லைனில் கரண்ட் போனால் அதுவும் நின்றுவிடும். நின்றே ஆக வேண்டும், இல்லாவிட்டால் கம்பத்தில் ஏறி வேலை பார்க்கிற ஊழியருக்கு நம் வீட்டு மின்சாரம் பாயும். கட் ஆனாலும் எரிய வேண்டும் என்றால் பேட்டரியோடு சேர்ந்த வகை வேண்டும், அதற்குச் செலவு கூடும்.

இதைச் சொன்னதும் முகம் வாடுகிறவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். 2012 வாக்கில் நாளுக்குப் பல மணி நேரம் கரண்ட் இல்லாமல் இருந்த நினைவு நம் ஊரில் இன்னும் போகவில்லை. ‘நம் கரண்ட் நம் கையில்’ என்ற ஆசைதான் பலரையும் சோலார் பக்கம் இழுக்கிறது. அதை நம்பி வருகிறவரிடம் விற்பவர் உண்மையை முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். போட்ட பிறகு தெரிந்துகொண்டவர் பத்துப் பேரிடம் ‘ஏமாந்துட்டேன்’ என்பார், அந்தத் தெருவில் அடுத்த பேனல் ஏறாது.

எல்.இ.டி. விளக்கு மட்டும் எப்படி இவ்வளவு வேகமாக எல்லா வீட்டுக்கும் வந்தது?

விலை பெரிய காரணம். 2015 ஜனவரியில் மத்திய அரசு உஜாலா திட்டத்தைத் தொடங்கி, மொத்தமாகக் கொள்முதல் செய்து, 36 கோடிக்கும் மேல் விளக்குகளைக் கொடுத்தது. முந்நூறு ரூபாய்க்கு மேல் விற்ற விளக்கு எழுபது எண்பதுக்கு இறங்கியது.

ஆனால் விலை குறைந்த எல்லாமே இப்படிப் பரவுவதில்லை. எல்.இ.டி.யைப் பழைய ஹோல்டரிலேயே மாட்டலாம். ஒயரிங்காரரைக் கூப்பிட வேண்டாம், யாரிடமும் அனுமதி வேண்டாம். ஒன்றே ஒன்று வாங்கி அடுப்படியில் போட்டுப் பார்க்கலாம்; பிடிக்கவில்லை என்றால் நஷ்டம் எழுபது ரூபாய். சோலாரை அப்படி ஒரு துண்டு மட்டும் வாங்கி மாட்டிப் பார்க்க முடியுமா?

ஃபேன் மாற்றினால் பில் குறையும் என்கிறார்களே, பிறகு ஏன் எல்லாரும் மாற்றவில்லை?

பி.எல்.டி.சி. என்ற புது வகை மோட்டார் வைத்த ஃபேனைத்தான் கேட்கிறீர்கள். பழைய ஃபேன் 75 வாட் இழுக்கும் இடத்தில் இது 30 வாட் சுமாருக்கு ஓடும். நாளுக்குப் பதினைந்து மணி நேரம் சுற்றினால் ஒரு ஃபேனுக்கு இரண்டு மாதத்தில் 40 யூனிட் மிச்சம். நாலு ஃபேன் என்றால் 160 யூனிட். 500-ஐ ஒட்டி நிற்கும் வீட்டை அந்தப் படிக்குக் கீழே கொண்டுவர இது போதும்.

மாற்றாததற்குக் காரணம் எளிது: பழைய ஃபேன் இன்னும் சுற்றுகிறது. சுற்றுகிற பொருளைக் கழற்றிப் போட நம் வீடுகளில் மனசு வராது. பல வீடுகளில் முப்பது வருட ஃபேன் ஓடிக்கொண்டிருக்கும். கடையிலும் கண்ணுக்குத் தெரிவது இன்றைக்குக் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய ஆயிரம் ரூபாய்தான். 2023 ஜனவரி முதல் ஃபேனுக்கும் நட்சத்திரக் குறியீடு கட்டாயம் ஆகிவிட்டது. அது உதவுகிறது, ஆனால் ஓரளவுக்குத்தான்.

இந்த ஃபேனை எங்கள் பக்கத்தில் விற்க வைத்தது என்ன தெரியுமா? ரிமோட். கடை அண்ணாச்சி ஒருவர் சொன்னார்: ‘வாட் கணக்கைச் சொன்னா தலையாட்டிட்டுப் போயிருவாங்க. ராத்திரி எந்திரிக்காம ஃபேனைக் குறைக்கலாம்னு சொன்னா ரெண்டு எடுத்துக்கிடுவாங்க.’ எங்கள் ஆச்சி முட்டுவலியோடு விடியற்காலை எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு ரெகுலேட்டர் வரை போவாள். இப்போது தலையணைக்குக் கீழே ரிமோட். இன்னொன்று, கரண்ட் போனால் யு.பி.எஸ்.சில் இந்த ஃபேன் இரண்டு மடங்கு நேரம் ஓடும். மிச்சமாகும் மின்சாரம் இரண்டு மாதம் கழித்துத்தான் தெரியும், இந்தச் சௌகரியம் அன்று ராத்திரியே தெரிந்துவிடுகிறது.

மானியம் கொடுத்தால் எல்லாரும் மாறிவிடுவார்களா?

மானியம் கதவைத் திறக்கும், ஆனால் அதைத் திடீரென்று இழுத்து மூடினால் என்ன ஆகும் என்பதை மின்சார ஸ்கூட்டரில் பார்த்தோம். 2023 ஜூனில் மத்திய அரசு ஸ்கூட்டர் மானியத்தைப் பெருமளவு குறைத்தது. மே மாதம் நாடு முழுக்க ஒரு லட்சத்துக்கு மேல் பதிவான வண்டிகள் ஜூனில் பாதிக்கும் கீழே போய்விட்டன. விலை ஏறுவதற்குள் மே மாதமே ஓடிப்போய் வாங்கியவர்களும் அந்தக் கணக்கில் உண்டு. பின்னால் விற்பனை மெல்ல மீண்டது.

நார்வே இதற்கு நேர்மாறு. அங்கே 1990-களிலிருந்து மின்சாரக் காருக்கு வரிச்சலுகை ஒன்றன்மேல் ஒன்றாக வந்து, வருடக்கணக்கில் நிலைத்து நின்றது. 2024-ல் விற்ற புதுக் கார்களில் பத்துக்குக் கிட்டத்தட்ட ஒன்பது மின்சாரக் கார். அது பணக்கார நாடு, நம்மோடு ஒப்பிடுவது முழுக்கச் சரியாகாது. ஆனால் சலுகை அடுத்த வருடமும் இருக்கும் என்ற நம்பிக்கை எந்த நாட்டு வாங்குபவருக்கும் வேண்டும்.

சோலார் மானியத்தில் இன்னொரு சிக்கல்: முழுப் பணத்தையும் முதலில் நாம் கட்ட வேண்டும், எல்லாம் முடிந்து மீட்டர் மாட்டிய பிறகே மானியம் வங்கிக் கணக்குக்கு வரும். ஈடு இல்லாத கடனை வங்கிகள் தருகின்றன. இருந்தும் ‘முதல்ல போடு, அப்புறம் வரும்’ என்பதை நம்ப மக்களுக்குத் தயக்கம். வந்துவிட்டது என்று பாஸ்புக்கைக் காட்டும் ஒரு ஆள் தெருவில் இருந்தால் அந்தத் தயக்கம் போய்விடுகிறது. எங்கள் பாஸ்புக் பல வீட்டுக்குப் போய் வந்திருக்கிறது.

மின்சார ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் எதைப் பார்க்கிறார்கள்?

பெட்ரோல் விலையை. லிட்டர் நூறு ரூபாய்க்கு ஓடும் சாதாரண ஸ்கூட்டருக்குக் கிலோமீட்டருக்கு இரண்டு ரூபாய்க்கு மேல். வீட்டில் சார்ஜ் போட்டால் கால் ரூபாய் அளவில் முடிந்துவிடும். பயப்படுவது பேட்டரிக்கு. 2022 கோடையில் வண்டிகள் தீப்பிடித்த செய்திகளை யாரும் மறக்கவில்லை.

எங்கள் மைனி ஆசிரியை. கணக்கெல்லாம் நான் போட்டுக் காட்டியும் ஒரு வருடம் அசையவில்லை. கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒரு வாரம் தன் வண்டியைக் கொடுத்து ‘ஓட்டிப் பாருங்க’ என்றார். எட்டாவது நாள் முன்பணம் கட்டிவிட்டாள்.

சட்டம் போட்டுக் கட்டாயப்படுத்தினால் வேலை முடிந்ததா?

2003-ல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் ஆனது. வேறெந்த வழியிலும் அவ்வளவு குறுகிய காலத்தில் அத்தனை வீட்டில் குழி தோண்டியிருக்க முடியாது. சென்னையில் நிலத்தடி நீர் உயர்ந்ததைக் கிணறு வைத்திருந்தவர்கள் கண்ணாலேயே பார்த்தார்கள். அந்தச் சட்டத்தை நான் மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அதிகாரி வந்து பார்ப்பதற்காக மட்டும் ஒரு குழாயைத் தரைக்குள் செருகிவைத்த வீடுகளும் உண்டு. உண்மையாகத் தோண்டிய குழிகளும் தூர்வாராமல் மண்ணேறிப் போயின. 2019 கோடையில் சென்னை லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு நின்றபோதுதான் பல வீடுகளில் அந்தக் குழியை மறுபடி தேடினார்கள். சட்டத்தால் பொருளை வீட்டுக்குள் கொண்டுவர முடியும். வருடா வருடம் ஐப்பசிக்கு முன்னால் மூடியைத் திறந்து சுத்தம் செய்ய, வீட்டுக்காரருக்கே அது வேண்டும் என்று தோன்ற வேண்டும்.

வீட்டில் யார் முடிவெடுக்கிறார்கள்?

விற்க வருகிறவர்கள் அப்பாவிடம் மட்டும் பேசிவிட்டுப் போவார்கள். எங்கள் வீட்டில் சோலார் ஆறு மாதம் தள்ளிப்போனது அம்மாவால், அதுவும் பணத்துக்காக அல்ல. ‘தகடு முழுக்கப் பரப்பிட்டா வத்தலும் வடகமும் எங்கே காயப் போடுறது?’ அவ்வளவுதான் கேள்வி. ஒரு கிலோவாட்டுக்கு நூறு சதுர அடி போகும் என்றால் மாடியில் பாதி போய்விடும், அவள் கேட்டது சரி. கடைசியில் ஒயரிங் பார்க்கிற அண்ணாச்சிதான், ஸ்டாண்டை எட்டடி உயரத்துக்குத் தூக்கி, கீழே நடமாட இடம் விட்டு, கிழக்கு ஓரத்தில் வெயில் படுகிற மாதிரி ஒரு பட்டை ஒதுக்கிக் கொடுத்தார். கொஞ்சம் கூடுதல் இரும்புச் செலவு. இப்போது வடகம் கிழக்கு ஓரத்தில் காய்கிறது, துணி பேனலுக்கு அடியில் மழையில் நனையாமல் உலர்கிறது. அக்கம்பக்கத்துப் பெண்களிடம் அம்மா முதலில் சொல்வது அந்தத் துணிக் கொடியைப் பற்றித்தான்.

வாடகை வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது?

இது உண்மையான தடை. பில் கட்டுவது குடியிருப்பவர், மாடி வீட்டுக்காரருடையது. இவருக்குப் போட உரிமை இல்லை, அவருக்குப் போட்டு லாபம் இல்லை. கழற்றி எடுத்துப்போகக் கூடிய ஃபேன், விளக்கு, ஸ்கூட்டர் மட்டும்தான் வாடகைக்காரருக்கு. ஸ்கூட்டருக்கும் கீழே ஒரு பிளக் பாயிண்ட் கேட்டு வாங்க வேண்டும். விழிப்புணர்வுப் பிரசாரத்தால் இது தீராது, இதற்குத் தனியாக வழி செய்ய வேண்டியது அரசுதான்.

ஆசை இருந்தும் கடைசி நேரத்தில் பின்வாங்க வைப்பது எது?

‘ரிப்பேர் ஆனா யாரு வந்து பார்ப்பா?’ என்னைக் கேட்டால், பணத்துக்கு அடுத்த பெரிய கேள்வி இதுதான், ஆனால் யாருமே இதைப் பற்றிப் பேசுவதில்லை.

பேனலில் வரும் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டிதான் இன்வெர்ட்டர். எங்கள் இன்வெர்ட்டரில் இரண்டாம் வருடம் சிவப்பு விளக்கு எரிந்தது. போட்டுக் கொடுத்த நிறுவனத்துக்குப் போன் மேல் போன் போட்டும் ஏழு வாரம் ஆள் வரவில்லை. அந்த ஏழு வாரத்தில், ‘போட்டுறலாம்’ என்று முடிவெடுத்திருந்த இரண்டு வீடுகள் பேச்சையே விட்டுவிட்டன. விலையும் மானியமும் மாறவில்லை, வெயிலும் அப்படியேதான் இருந்தது. எங்கள் மாடியில் சும்மா கிடந்த தகட்டைப் பார்த்து அவர்கள் பின்வாங்கினார்கள். பிறகு சரிசெய்தது உள்ளூர்ப் பையன் ஒருவன், ஐ.டி.ஐ. படித்தவன், வேலை அரை மணி நேரம். அன்றிலிருந்து விசாரிக்க வருகிறவர்களுக்கு நான் பேனல் கம்பெனி பெயருக்கு முன்னால் அந்தப் பையனின் நம்பரைத்தான் கொடுக்கிறேன். தாலுகாவுக்குப் பத்துப் பேர் இந்த வேலை தெரிந்தவர்கள் இருந்தால், எந்த விளம்பரத்தைவிடவும் அதிகப் பேனல் ஏறும் என்று உறுதியாக நம்புகிறேன்.

சோலார் வந்த பிறகு மின்சாரத்தை அதிகமாகச் செலவழிக்கிறார்களே, அப்புறம் என்ன பயன்?

நடக்கத்தான் செய்கிறது. எங்கள் வீட்டிலும் சோலார் வந்த அடுத்த கோடையில் இரண்டாவது ஏ.சி. வந்தது. ‘நம்ம கரண்ட்தானே’ என்று பேச்சு. 1865-லேயே ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளாதார அறிஞர், இயந்திரம் சிக்கனமாக ஆக ஆக நிலக்கரிச் செலவு கூடுகிறது என்று எழுதிவைத்தார். ஆனாலும் நாற்பது டிகிரி வெயிலில் வயதானவர்கள் நிம்மதியாகத் தூங்குவதை நான் வீண்செலவு என்று சொல்ல மாட்டேன். பகலில் பேனல் ஓடும் நேரத்திலேயே மோட்டாரையும் வாஷிங் மெஷினையும் போடப் பழகினோம், அது ஒரு நல்ல மாற்றம்.

நான் இப்போதுதான் யோசிக்கிறேன். எங்கிருந்து தொடங்கலாம்?

போன வருடத்து ஆறு பில்லையும் எடுத்து வரிசையாக வையுங்கள். எல்லாம் 500 யூனிட்டுக்குக் கீழே என்றால் சோலாரை இப்போதைக்கு விடுங்கள், அதிக நேரம் ஓடும் ஃபேன் இரண்டை மட்டும் மாற்றுங்கள். நாலு பில் 500-ஐத் தாண்டியிருந்தால், உங்கள் ஊரில் சோலார் போட்டு இரண்டு வருடம் ஆன வீடு ஒன்றைத் தேடிப் போங்கள். வெயில் நேரம், பகல் பன்னிரண்டு மணிக்குப் போங்கள். மீட்டரைக் காட்டச் சொல்லுங்கள், பாஸ்புக்கைக் காட்டச் சொல்லுங்கள், கெட்டுப்போனபோது யார் வந்து பார்த்தார்கள் என்று கேளுங்கள். வீட்டுப் பெண்களையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு ஏறிப் பாருங்கள்.